பழைய கயிற்றோடு போன குட்டி

மிரளும் குதிரைக்குட்டியை வண்டியில் ஏற்றி ஊர் மாற்றுவது குறித்து எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே குட்டியிடம் கற்றதுதான். பயணத்துக்காக அதை ஒரே ஒரு முறைதான் ஏற்றினேன். அதற்கும் கீறல் இல்லை, எனக்கும் கீறல் இல்லை. அவ்வளவு நன்றாக அந்த வேலையைச் செய்தேன் என்பதுதான் இன்றுவரை எனக்குச் செரிக்காமல் இருக்கிறது.

மன்னார்குடிக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. தாத்தா காலம்வரை பிறர் வயலில் நாற்றுப் பறித்த குடும்பம். அப்பா குத்தகைக்குப் பயிரிட்டார். அண்ணன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பிய பின்புதான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வந்தது. நிலத்தோடு அவனுக்கு ஓர் ஆசையும் வந்தது. குதிரைவண்டிப் பந்தயத்தில் தன் குதிரை முதலாவதாக வர வேண்டும். அதை ஊரே பார்க்க வேண்டும். பால்பல் விழத் தொடங்காத ஒரு செம்பழுப்பு ஆண்குட்டியை அவன் ஓட்டிக்கொண்டு வந்த நாளில், எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை.

குட்டி வளர வளர ஆசை தேய்ந்தது. அது டிராக்டரைக் கண்டு பயப்படாது. அறுவடை இயந்திரம் பக்கத்து வயலில் இறங்கினாலும் புல்லைத் தின்றுகொண்டே நிற்கும். ஆனால் காற்றில் பறக்கும் ஒரு பிளாஸ்டிக் பை போதும், பின்னங்கால்களில் எழுந்துவிடும். மேளச் சத்தம் கேட்டால் உடம்பு முழுவதும் வெடவெடக்கும். ஒருமுறை தெருவில் வெடியோடும் தப்போடும் ஒரு சாவு ஊர்வலம் போனபோது, கொட்டகையின் மூங்கில் தடுப்பை உடைத்துக்கொண்டு வயலில் பாய்ந்தது. அதன் கணுக்காலில் ஏற்பட்ட காயத்துக்கு மருந்து போட்டபடியே அண்ணனிடம் சொன்னேன்:

"அண்ணே, பந்தயத்துக்கு இது ஆகாது. நீ யாருக்காவது கொடுக்கறதா இருந்தாலும், கல்யாணத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் வாடகைக்கு விடறவங்ககிட்ட மட்டும் கொடுத்துடாத. மேளத்துக்கு நடுவுல நின்னா இது யாரையாவது கொன்னுடும், இல்லன்னா இது செத்துடும்."

"நான் என்ன பைத்தியமா?" என்றான். "உன் குட்டியை உன்னைக் கேக்காம எங்க அனுப்பப் போறேன்?"

உன் குட்டி என்று அவன் சொன்னது அதுதான் முதல் முறை. எனக்கு அது பிடித்திருந்தது.

உண்மையில் அதற்குள் அது என் பொறுப்புக்கு வந்துவிட்டிருந்தது. சமூகப்பணியில் முதுகலை முடித்து, மன்னார்குடியில் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆற்றங்கரைகளிலும் வாய்க்கால் கரைகளிலும் குடியிருக்கும் குடும்பங்களை வேறிடம் மாற்றும்போது, எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கிறதா என்று வீடு வீடாகப் போய்க் கேட்பது என் வேலைகளில் ஒன்று. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்பும் மாலையில் திரும்பிய பின்பும் குட்டியோடு இருப்பேன். அதற்கு இடப்பக்கமாக, தோளுக்கு நேராக நடக்கப் பழகினேன். பிடிகயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, மடித்துத்தான் பிடிக்க வேண்டும். பின்பக்கம் போக வேண்டுமானால் முதுகில் கையை வைத்தபடி, குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். இவற்றையெல்லாம் கால்நடை மருத்துவரிடம் கேட்டும், சில தடவை கீழே விழுந்தும் தெரிந்துகொண்டேன்.

ஐப்பசி மழை பிடிக்கும் முன் அண்ணன் ஒரு யோசனை சொன்னான். எங்கள் கொட்டகை பள்ளத்தில் இருக்கிறது. வாய்க்கால் நிரம்பினால் உள்ளே தண்ணீர் ஏறிவிடும். நாள் கணக்கில் ஈரத்தில் நின்றால் குட்டியின் குளம்பு அழுகிவிடும். மயிலாடுதுறை பக்கம் சித்தப்பாவின் தோப்பு மேட்டில் இருக்கிறது. மழை முடியும்வரை அங்கே விட்டுவிட்டுத் தை மாதம் கூட்டிக்கொள்ளலாம்.

நான் எல்லாக் கோணத்திலும் யோசித்தேன். குளம்பு அழுகுவது பெரிய ஆபத்து. பயணம் சிறிய ஆபத்து. பயணத்தின் ஆபத்தை முன்னேற்பாட்டால் இன்னும் குறைக்கலாம். ஆகவே ஒப்புக்கொண்டேன். அந்தக் கணக்கில் எங்கே பிழை என்று பிறகு பலமுறை தேடியிருக்கிறேன். எனக்குக் கொடுக்கப்பட்ட தகவல்களை வைத்துப் பார்த்தால் பிழையே இல்லை.

"குட்டி யானையைச் சொல்லிடறேன்" என்றான் அண்ணன். சின்னச் சரக்கு வண்டியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

"அதுல பக்கத் தடுப்பு இடுப்பளவுதான் இருக்கும். தாண்டிக் குதிச்சுடும். உயரமா கம்பி அடைச்ச மினி லாரி வேணும். முன்னாடியே கொண்டுவந்து இங்க நிறுத்தணும், பழக்கறதுக்கு."

"கேட்டியாம்மா? மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட நான் இவ்வளவு ஏற்பாடு பண்ணல" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

அம்மா சிரிக்கவில்லை. "தங்கச்சி சொல்றபடியே செய்டா. அது சொன்னாத்தான் குட்டி கேக்கும்" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மினி லாரி சில நாள் மாலையில் வந்து நின்றது. சாய்பலகையில் ஏற்ற நான் விரும்பவில்லை. பலகை ஆடினால் குட்டி மிரளும். நெல் மூட்டை ஏற்றுவதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. வாய்க்கால் கரைச் சரிவை ஒட்டி வண்டியைப் பின்புறமாகவே கொண்டுவந்து நிறுத்தினால், வண்டியின் தளமும் கரையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். குட்டிக்கும் அதையே செய்தோம். தளத்தில் ஆற்றுமணலைப் பரப்பி, மேலே ஈர வைக்கோலைப் போட்டு, குளம்பு வழுக்காமல் பார்த்துக்கொண்டேன். முதல் மாலை வண்டிக்கு அருகில் வைத்துக் கொள்ளு கொடுத்தேன். மறுநாள் முன்னங்கால்கள் மட்டும் வைக்கோலில். பிறகு முழுவதுமாக ஏறி, தின்றுவிட்டு, இறங்கியது. ஓட்டுநர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எங்க வீட்டுப் பையன் பள்ளிக்கூட வேன்ல இவ்வளவு ஒழுங்கா ஏற மாட்டாம்மா" என்றார்.

கிளம்பும் நாளில் விடிந்ததும் மேளமோ ஒலிபெருக்கியோ தெருவில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். குட்டியின் காதுகளில் பஞ்சு வைத்தேன். அம்மா அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, ஒரு கை வெல்லத்தைத் தானே ஊட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. பால் மாட்டுக்கும் கன்றுக்கும்கூட எளிதில் கலங்காதவர். மழைக்காலம் முழுக்கப் பிரிந்திருக்கப் போகிறதே என்று நினைத்தேன். அண்ணன் உரம் தெளிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று வயலுக்குப் போய்விட்டான்.

குட்டி என் தோளுக்குப் பக்கத்தில் நடந்து, கரையிலிருந்து வைக்கோலுக்குள் கால் வைத்து, ஒருமுறைகூடத் தயங்காமல் ஏறியது. குறுக்கு மூங்கிலைப் போட்டுக் கட்டினேன். இழுத்தால் உடனே அவிழும்படி முடிச்சிட்டேன். வண்டி நகரும்போது அம்மா சன்னலருகே வந்தார்.

"வரும்போது கயித்தை மறக்காம எடுத்துட்டு வந்துடும்மா."

எங்கள் பக்கத்தில் மாட்டை விற்கும்போது அதன் கயிற்றை விற்பதில்லை. வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவருவார். பழைய கயிற்றை அவிழ்த்து விற்றவர் வீட்டுக்கே எடுத்துப் போவார்கள். கயிறும் போய்விட்டால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடும் என்பது நம்பிக்கை. அம்மா சொன்னதைக் கேட்ட எந்தக் குடியானவருக்கும் உடனே விளங்கியிருக்கும். எனக்கும் அந்த வழக்கம் தெரியாததல்ல. ஆனால் விற்பனை என்ற எண்ணமே என் மனத்தில் இல்லாதபோது, அம்மாவின் சிக்கனம் என்றுதான் என் காதில் அது விழுந்தது. சித்தப்பா வீட்டில் கயிறு இருக்காதா என்ன என்று நினைத்துத் தலையாட்டினேன்.

வண்டிக்குள் குட்டியோடு நிற்கக் கூடாது என்பது நானே போட்ட விதி. அது சாய்ந்தால் நடுவில் நசுங்க வேண்டியதுதான். எனவே ஓட்டுநருக்குப் பக்கத்தில் திரும்பி உட்கார்ந்து, பின்பக்கக் கண்ணாடி வழியாகக் குட்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். காது எந்தப் பக்கம் திரும்புகிறது, மூக்குத்துளை விரிகிறதா, எடை எந்தக் காலில் விழுகிறது என்று பார்த்து, "இப்ப மெதுவா", "அந்தப் பாலத்துல நிறுத்தி ஏறுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஓட்டுநர் ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா" என்றார். கும்பகோணம் தாண்டியதுவரை தெரியும். அதன்பின் எந்தச் சாலையில் திரும்பினோம் என்று எனக்குத் தெரியாது. முழுப் பயணத்திலும் நான் சாலையைப் பார்க்கவேயில்லை.

வண்டி நின்றது ஒரு காம்பவுண்டுச் சுவருக்குள். தோப்பு இல்லை. தகரக் கூரையின் கீழ் இரண்டு வெள்ளைக் குதிரைகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. சுவரோரமாக ஜரிகை வைத்த சேணங்களும் பித்தளைக் குஞ்சலங்களும் கிடந்தன. பக்கத்தில் வண்ண விளக்குகள் பூட்டிய ஒரு சாரட்டு வண்டி.

"இது சித்தப்பா தோப்பு இல்லையே" என்றேன்.

"அண்ணன் இந்த இடந்தாம்மா சொன்னாங்க" என்றார் ஓட்டுநர்.

வெள்ளை வேட்டி கட்டிய ஒரு நடுவயதுக்காரர் சிரித்தபடி வந்தார். கையில் மஞ்சள் தடவிய ஒரு புதுத் தலைக்கயிறு. "வாங்கம்மா, வாங்க. பயணமெல்லாம் சௌகரியந்தானே? தங்கச்சியே கொண்டாந்து விடும்னு உங்க அண்ணன் சொன்னாரு. நல்ல நேரத்துக்குள்ள வந்துட்டீங்க. கயித்தை மாத்திடலாம்."

அந்தப் புதுக்கயிற்றைப் பார்த்தபடி நின்றேன். அம்மாவின் குங்குமமும் வெல்லமும், கலங்கிய கண்ணும், "அது சொன்னாத்தான் குட்டி கேக்கும்" என்றதும், அண்ணனின் உரத் தெளிப்பும் ஒவ்வொன்றாக இடம் மாறி வேறு அர்த்தத்தில் போய் உட்கார்ந்தன. குட்டியை ஏற்ற அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. என் கவனம், என் பொறுமை, மாலை மாலையாக நான் கொடுத்த கொள்ளு எல்லாமே அந்த வேலைக்குப் பயன்பட்டிருக்கின்றன. என்னை நம்பி வண்டியில் ஏறியது குட்டி. அண்ணனை நம்பி நானும் ஏறியிருந்தேன்.

"எனக்கு யாரும் சொல்லலைங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. "என்னம்மா சொல்றீங்க? எல்லாம் பேசி முடிச்சாச்சே. அம்மாகூட போன்ல பேசினாங்களே."

அம்மாவும்.

நான் கைபேசியை எடுத்து அண்ணனை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய ஆட்கள் பின்கதவைத் திறந்து, ஒரு பலகையைச் சாய்த்துக் குட்டியை இறக்கிவிட்டார்கள். அது நடுங்கிக்கொண்டே மண்ணில் நின்றது. நான் ஓடுவதற்குள், மாட்டுக்குச் செய்கிற மாதிரியே, ஒருவர் பழைய தலைக்கயிற்றை முதலில் அவிழ்த்துவிட்டார். புதுக்கயிற்றைப் போடுவது அதற்கு அப்புறம் என்பதுதானே முறை. மாடு அந்த இடைவெளியில் அசைபோட்டுக்கொண்டு நிற்கும். முன்பின் பார்க்காத முற்றத்தில், தலையில் ஒன்றுமே இல்லாத ஓர் இளங்குதிரை நிற்காது.

"கழட்டாதீங்க!" என்று கத்தினேன். புதுக்கயிறு காதைத் தொட்டதும் குட்டி எழுந்தது, திரும்பியது, திறந்திருந்த வெளிக்கதவு வழியாகச் சாலைக்குப் பாய்ந்துவிட்டது.

வெளியே சாலையின் ஒரு பாதி முழுக்கக் குறுவை நெல் காயப் போட்டிருந்தார்கள். மறுபாதியில் பேருந்தும் பைக்கும் ஓடிக்கொண்டிருந்தன. குட்டி நெல்லின் மேல் ஓடி, வழுக்கி, முட்டி மடிந்து, எழுந்தது. ஆட்கள் துண்டை வீசிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். இரண்டு பைக்குகள் அதை மடக்க ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பின.

"யாரும் துரத்தாதீங்க! வண்டியை அணைங்க!" தொண்டை கிழியக் கத்தினேன். நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பெண்கள்தாம் முதலில் புரிந்துகொண்டார்கள். ஒரு அக்கா துழாவுகட்டையைக் குறுக்கே நீட்டிப் பைக்குகளை நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணுதான் கத்துதே, காது கேக்கலையாடா? ஹாரன் அடிச்சா குதிரை உனக்கு வழியா விடும்?"

அவருடன் இருந்தவர் சாலையின் நடுவில் நின்று எதிரே வந்த பேருந்தை நிறுத்தினார். அதன்பின் அந்த இடம் அமைதியாயிற்று. குட்டி சற்றுத் தள்ளி, விலா ஏறி இறங்க, நெல் நடுவில் நின்றது. நின்ற இடத்திலேயே குனிந்து நெல்லைத் தின்னத் தொடங்கியது. பச்சை நெல்லை அந்த அளவில் தின்றால் வயிறு ஊதிச் செத்துப்போகும். எனவே காத்திருக்கவும் முடியாது.

முற்றத்துக்குத் திரும்பிப் போய், தரையில் கிடந்த பழைய தலைக்கயிற்றை எடுத்தேன். வண்டியிலிருந்து கொள்ளுக் கூடையையும் எடுத்துக்கொண்டேன். நேராகப் போகவில்லை. சாய்வாக, அதன் கண்ணைப் பார்க்காமல், நாக்கால் நான் வழக்கமாக எழுப்பும் சத்தத்தை எழுப்பிக்கொண்டு நடந்தேன். தலையைத் தூக்கியது. நான் நின்றுவிட்டேன், முதுகைக் காட்டிக்கொண்டு கூடையைக் குலுக்கினேன். சற்றுப் பொறுத்து, தோளுக்குப் பின்னால் சூடான மூச்சு பட்டது.

கயிற்றை முதலில் கழுத்தைச் சுற்றிப் போட்டேன். பிறகுதான் தலையில் மாட்டினேன். அது கண்ணை மூடித் திறந்தது. பழைய கயிற்றின் வாடையும் என் கையின் வாடையும் அதற்குத் தெரிந்தவை. அந்தச் சாலையில் அதற்குத் தெரிந்தவை வேறு எதுவும் இல்லை.

பிடித்துவிட்டேன். இனி எந்தப் பக்கம் நடப்பது? அந்தக் கேள்வியோடு சாலை நடுவில் நின்ற நேரம்தான் என் வாழ்வில் மிக நீண்டது. மினி லாரி இன்னும் முற்றத்தில் நிற்கிறது. ஓட்டுநரிடம் கெஞ்சினால் ஒருவேளை திருப்பிக் கொண்டுபோவார். ஆனால் இங்கே ஏற்றுவதற்கு வாய்க்கால் கரை இல்லை. முட்டியில் ரத்தம் வழிகிறது. இந்தப் பதற்றத்தில் ஏற்றினால் வழியில் காலை ஒடித்துக்கொள்ளும். திருப்பிக் கொண்டுபோனாலும் அது போய்ச் சேருவது அதே அண்ணனின் கொட்டகைக்குத்தான். அவன் மறுபடியும் அனுப்புவான்; அடுத்த முறை ஏற்றுவதற்கு நான் இருக்க மாட்டேன். ஒவ்வொரு வழியின் முடிவையும் எண்ணிப் பார்த்தேன். எல்லாம் முடிந்தபின், என்னை ஏமாற்றியவர்கள் நினைத்ததையே என் கையால் செய்வதுதான் அதற்குக் குறைந்த ஆபத்து என்று வந்தது.

குட்டியை நடத்திக்கொண்டு காம்பவுண்டுக்குள் போனேன். கதவைச் சாத்தச் சொன்னேன். முட்டியைக் கழுவி மருந்து போட்ட பிறகு, அந்த வேட்டிக்காரரிடம் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். இடப்பக்கமாக அணுகுவது, பிளாஸ்டிக் பை, மூங்கில் தடுப்பை உடைத்தது, மேளம்.

"மேளமா?" என்றார் அவர். "சாதுன்னுல்ல சொன்னாரு. குழந்தையே பிடிக்கலாம்னாரு."

அவரும் ஏமாற்றப்பட்டிருந்தார். அதில் எனக்கு ஆறுதல் ஏதும் கிடைக்கவில்லை. இந்த வருஷ ஊர்வலத்துக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம், மேளத்தைத் தொலைவில் வாசிக்கவிட்டு மெல்லப் பழக்குங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் அந்த வெள்ளைக் குதிரைகளைப் பார்த்தபடி, "பார்க்கறேம்மா. எனக்கும் ஆளுங்க உசுரு முக்கியந்தானே" என்றார். பொய் சொல்கிறார் என்று தோன்றவில்லை. ஆனால் யாருடைய பேச்சை வைத்து எதை முடிவு செய்வது என்ற தெளிவு அன்று காலையோடு எனக்குப் போய்விட்டிருந்தது.

புதுத் தலைக்கயிற்றை நான்தான் மாட்டினேன். பழையதன் மேலேயே மாட்டினேன்.

"அதைக் கழட்டி எடுத்துக்கங்கம்மா" என்றார் அவர், உண்மையான அக்கறையோடு. "உங்க வீட்டுக் கயிறு. இங்க விட்டுட்டுப் போனா உங்களுக்குத்தான் ஆகாது."

"இருக்கட்டுங்க. இது பயமில்லாம நிக்கற வரைக்கும் இருக்கட்டும்."

திரும்பும் வழியில், மன்னார்குடி நெருங்கியபோது ஓட்டுநர், "உங்ககிட்ட சொல்லலைன்னு எனக்குத் தெரியாதும்மா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

வீட்டு வாசலில் அண்ணன் நின்றிருந்தான். கால் கழுவியிருந்தான், காலில் சேறோ உரமோ இல்லை. அம்மா அவனுக்குப் பின்னால் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் இருவர் பார்வையும் என் கைகளுக்குப் போயிற்று.

"கயிறு எங்க?" என்றான் அண்ணன்.

குட்டி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அவன் கேட்கவில்லை. நான் ஏன் அழைத்தேன், அவன் ஏன் எடுக்கவில்லை என்பதும் அங்கே பேச்சாகவில்லை.

"குட்டியோட இருக்கு."

"வீட்டு லட்சுமியைத் தூக்கிக் கொடுத்துட்டு வந்துட்டியேடி" என்று அம்மா வாயில் கை வைத்தார். கொட்டகைத் தூணில் அவர் அன்று காலையே கயிற்றை மாட்ட ஒரு புது ஆணி அடித்து மஞ்சள் தடவி வைத்திருந்தது என் கண்ணில் பட்டது. அப்போது நான் இன்னும் கும்பகோணம்கூடப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்.

"ஏண்ணே என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஏத்தியிருக்க மாட்ட." குரலில் கோபம்கூட இல்லை. எளிய கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னான். "என்னால வச்சுக் காப்பாத்த முடியல பாப்பா. உன்னை விட்டா அதை ஏத்த ஆளும் இல்ல."

சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது எனக்கே நிச்சயமில்லை. சண்டை போட்டிருப்பேன். அதற்குப் பிறகு, வேறு வழியில்லை என்று விளங்கியிருந்தால், நானே ஒருவேளை ஏற்றியும் இருப்பேன். ஆனால் அந்த மனிதரிடம் முன்பே பேசியிருப்பேன். கயிற்றை அவிழ்க்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். குட்டியின் முட்டி கிழிந்திருக்காது. அந்த வாய்ப்பைத்தான் அவர்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இதை அண்ணனிடம் விளக்க முயன்றேன். அவன் கேட்டுக்கொண்டே நின்று, கடைசியில், "சரி, கயித்தையாவது போன் பண்ணிக் கேட்டு வாங்கிடலாமா?" என்றான்.

வாங்கவில்லை. அந்த ஆணியில் இப்போது அம்மா மாட்டுக்குரிய மணியைத் தொங்கவிட்டிருக்கிறார். அந்த ஆண்டு சம்பாவை மழை மூழ்கடித்தபோது, கயிறு போனதால்தான் என்று அம்மா சொன்னார். சுற்றிலும் கயிறு போகாத வீடுகளின் வயல்களும் மூழ்கித்தான் கிடந்தன. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்; ஒன்றாகச் சாப்பிடுகிறோம். ஆனால் குடும்பத்தோடு எங்காவது கிளம்பும்போது, கல்யாணமானாலும் கோயிலானாலும், வண்டியில் ஏறுமுன் எங்கே போகிறோம் என்று கேட்கிறேன். முதலில் அண்ணன் சிரித்தான். "உன்னை என்ன வித்துடவா..." என்று ஒருநாள் தொடங்கியவன், சொல்லி முடிக்கும் முன்பே பேச்சை நிறுத்திக்கொண்டான். இப்போது கேட்டால் ஊர்ப்பெயரைச் சொல்கிறான். நான் சன்னலோரம் உட்கார்ந்து, வண்டி அங்கேதான் போகிறதா என்று சாலையைப் பார்த்துக்கொண்டே போகிறேன்.